உலக நெருக்கடிகளைக் காணவில்லை

அத்தியாயம் 7

உலகத்தில் இருந்த அத்தனை நெருக்கடிகளும் ஒரே மதியத்தில் காணாமல் போய்விட்டன.

எல்லைத் தகராறு, பெட்ரோல் தட்டுப்பாடு, கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட கப்பல், ராணுவப் புரட்சி, உளவாளி கைது, உச்சி மாநாட்டில் மைக் வேலை செய்யாமல் போவது, எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தன. பெட்டியோடு போய்விட்டன. நியாயமாகப் பார்த்தால் மனித குலமே கைதட்டிக் குதிக்க வேண்டிய நேரம். ஆனால் அந்தப் பல் மருத்துவமனையின் மாடியில் ஐந்து பேர் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தை, இருக்கிற நெருக்கடி போதாதா? காணாம போனதையும் தேடிக் கொண்டுவந்து குடுக்கணுமா? உலகம் நம்மளை மன்னிக்காது" என்றார் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் அந்த சோபாவுக்கு அடியில படுத்துப் பாருங்களேன்" என்றார் அத்தை.

தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்தும் அவர் அந்த வட்டாரத்துக்கே அத்தை. முறைப்படி அப்படிக் கூப்பிடும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. அவர் மகளைக் கட்டியவர். உதவியாளரும் அவரே. மாமியாரிடம் வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம்: எவ்வளவு கேவலமான வேலையாக இருந்தாலும் மரியாதையோடுதான் வரும்.

மாப்பிள்ளை படுத்தார். தூசி, ஒரு ஊக்கு, யாரோ துப்பிய பஞ்சு. நெருக்கடி எதுவும் இல்லை.

அத்தை, தன்னை வரவழைத்த பெண்ணின் பக்கம் திரும்பினார். மூக்கைச் சிந்திச் சிந்திச் சிவப்பாக்கி வைத்திருந்த அவரை எல்லோரும் வரைபடக்காரி என்றார்கள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவர். வேலையை விட்டுவிட்டு, மூன்று வருடமாக ஒரே ஒரு காரியம் செய்தார். 'உலக மேஜை' என்றொரு பலகை ஆட்டம் உண்டாக்கினார். கற்பனைக் கண்டங்கள், கடல்கள், நடுவே ஒரு கால்வாய். நான்கு பேர் நான்கு வல்லரசுகள். படை, எண்ணெய், கப்பல், ஒப்பந்தம், துரோகம். ஒவ்வொரு சுற்றிலும் பெட்டியிலிருந்து ஒரு நெருக்கடிச் சீட்டை எடுத்து வாசிக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டும் அவர் கையாலேயே தீட்டிய படம். நகல் கிடையாது.

"விளையாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வராங்க. ஆட்டத்தைப் பார்த்துட்டு எடுத்துக்கறதா வேண்டாமான்னு இன்னிக்கே சொல்லிடுவாங்க. வேண்டாம்னுட்டா நான் திங்கட்கிழமை பழைய ஆபீசுக்குத்தான் போகணும். எங்க மேலதிகாரி என் நாற்காலியை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கார். எப்படியும் திரும்பி வருவேன்னு ஆபீஸ் முழுக்கப் பந்தயம் கட்டியிருக்கார்."

"அந்த மேடம் எங்க?"

"வழி தெரியாம சுத்திக்கிட்டிருக்காங்க. போன் பண்ணாங்க. பேச்சுவார்த்தை நேரத்துல நான் கீழ படிக்கட்டுல நின்னு வழி சொல்லிக்கிட்டிருந்தேன். மேல வந்து பார்த்தா பெட்டியைக் காணோம்."

"பேச்சுவார்த்தை நேரம்னா?"

வரைபடக்காரி ஒரு சிவப்பு டைமரைக் காட்டினார். முட்டை வேகவைக்கப் பயன்படுவது. அதைத் திருகி வைத்தால் வல்லரசுகள் நான்கும் மேஜையை விட்டு எழுந்து மூலைக்கு மூலை ஒதுங்கிக் குசுகுசுவென்று பேசும். யாருடன் சேர்வது, யாரைக் கவிழ்ப்பது. மணி அடித்தால் திரும்பி வந்து காய் நகர்த்த வேண்டும். உலக அமைதி அன்றும் அந்த முட்டை டைமரை நம்பித்தான் இருந்தது.

"படிக்கட்டுல நீங்க நின்னீங்க. வேற வழி கிடையாது. அப்போ பெட்டி வெளிய போகல" என்றார் அத்தை. "மாப்பிள்ளை, எல்லா ரூமையும் பார்த்துட்டீங்களா?"

"சமையல் மேடை, எக்ஸ்ரே ரூம், பால்கனி, பல்லுப் பிடுங்கற நாற்காலிக்கு அடியில, மீன் தொட்டிக்குள்ள. எல்லாம் பார்த்தாச்சு. அந்த அலமாரியில வரிசையா பெட்டி இருக்கு, அதை மட்டும் டாக்டரம்மா தொட வேண்டாம்னாங்க."

"அதெல்லாம் நோயாளிங்களோட தாடை அச்சு, பல் செட்" என்றார் மருத்துவமனைக்குச் சொந்தக்காரரான பல் டாக்டர். வரைபடக்காரியின் அக்கா. "அவங்க அந்தரங்கம்."

"சரிதான். மத்தவங்க பல்லுல கை வைக்க எனக்கும் ஆசையில்ல" என்றார் மாப்பிள்ளை, மனப்பூர்வமாக.

அத்தை நான்கு வல்லரசுகளையும் விசாரிக்கத் தொடங்கினார்.

முதலாவது வல்லரசு கோட்டு போட்டிருந்தது. கோட்டில் ஒரு சின்னக் கொடி குத்தியிருந்தது. பூமியில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, ஆட்டத்தில் மட்டுமே உள்ள பேரரசின் கொடி. அவரை எல்லோரும் தூதர் என்றார்கள். முப்பது வருடம் தூதரகத்தில் இருந்தவர்.

"டைமர் ஓடினப்போ எங்க இருந்தீங்க சார்?"

தூதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமலே ஒரு அறிக்கை அளவுக்கு நீண்டது. "அதை நான் உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது."

"யாரோட பேசிக்கிட்டிருந்தீங்க?"

"எந்தத் தரப்புடனும் எந்தப் பேச்சும் நடைபெறவில்லை."

"திருட்டுப் பட்டம் வந்துடும் சார்."

"வரட்டுமே. வரலாறு என்னைப் புரிந்துகொள்ளும்."

மாப்பிள்ளை அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "சார்! மூணாம் நம்பர் கவுண்டர் நீங்கதானே? போட்டோல காது தெரியலைன்னு என் விசாவை மூணு தடவை திருப்பி அனுப்பினீங்களே!"

தூதரின் கொடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "அதுவும் ராஜதந்திரத்தின் ஓர் அங்கம்தான்" என்றார், முன்பைவிட மெதுவாக.

இரண்டாவது வல்லரசு பேராசிரியர். கல்லூரியில் சர்வதேச உறவு நடத்துபவர். எல்லாச் சுற்றிலும் முதலில் தோற்பவரும் அவரே. தோற்றதும் அது முன்பே எதிர்பார்க்கப்பட்டது என்று நிரூபித்துவிடுவார்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கோட்பாட்டளவிலா, நடைமுறையிலா?"

"காலு தரையில படுமே, அந்த அளவுல" என்றார் மாப்பிள்ளை.

"நான் அணிசேரா நாடு. அணிசேரா நாடு எங்கும் இருக்காது."

மூன்றாவது காண்ட்ராக்டர். பாதித் தெருவைக் கட்டியவர். இந்த மருத்துவமனையின் மராமத்து வேலையும் அவருடையதுதான். ஆட்டத்தில் எண்ணெய் வயல்கள் எல்லாம் அவர் கையில். போர் என்று சொல்ல மாட்டார், 'சின்ன வேலை' என்பார். "அந்தத் தீவுல ஒரு சின்ன வேலை இருக்கு" என்றால் அங்கே ஒரு உயிர் மிஞ்சாது.

"நான் யாரையும் பார்க்கலம்மா, யாரும் என்னைப் பார்க்கல" என்றார் இரண்டு கைகளையும் விரித்து. "டாக்டரையா? அவங்க முகம் எப்படி இருக்கும்னே மறந்துடுச்சு."

டாக்டர் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அத்தைக்குத் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் தெரியும். குற்றம் செய்துவிட்டு, நான் அங்கே இல்லை, இன்னாரோடு இருந்தேன் என்று சாட்சி தேடி ஓடுபவர்கள்தான் எல்லோரும். சாட்சி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவரைத் தெரியாது என்று சத்தியம் செய்யும் சந்தேக நபர்களை அன்றுதான் பார்த்தார். யாரோடு பேசினோம் என்று சொன்னால் கூட்டு வெளியே தெரிந்துவிடும். தெரிந்தால் அடுத்த சுற்றில் எல்லோரும் சேர்ந்து மிதிப்பார்கள். ஜெயிலுக்குப் போனாலும் போகலாம், கால்வாய் போய்விடக் கூடாது.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரி பக்கத்து பில்டிங்கா அத்தை?" என்று மாப்பிள்ளை காதோடு கேட்டார்.

நான்காவது வல்லரசான டாக்டர்தான் எழுந்தார்.

"இங்க பாருங்க, என் தங்கச்சியோட வாழ்க்கை இது. நான் ஒளிக்க மாட்டேன். நானும் காண்ட்ராக்டரும் எக்ஸ்ரே ரூம்ல இருந்தோம். ரெண்டு பேரும் சேர்ந்து கால்வாயை அடைச்சிட்டு தூதரோட கப்பலை எல்லாம் நடுக்கடல்ல நிறுத்தறதுன்னு பேசிக்கிட்டோம். அவ்வளவுதான்."

அறை வெடித்தது.

"பொய்!" என்று காண்ட்ராக்டர் நெஞ்சில் கை வைத்தார். "என் ஜென்மத்துல நான் எக்ஸ்ரே எடுத்ததே கிடையாது!"

"நடுக்கடலில்!" என்று தூதர் எழுந்தார். "என் கப்பல்களை!"

"எதிர்பார்த்ததுதான்" என்றார் பேராசிரியர்.

வரைபடக்காரி ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக நாட்டையே விட்டுக் குடுத்துட்டியா அக்கா!" என்று மறுபடி அழுதார். "நாலு பேர்ல ஒருத்தராவது உண்மை பேசறாங்களே அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா" என்றார் அத்தை. "ஒருத்தர்தான் பேசறாங்க."

அந்த நேரம் பார்த்து மாடிக்கு ஒரு பெண் ஏறி வந்தார். தோளில் ஒரு பை, முகத்தில் அலைச்சல். மூச்சு வாங்கியபடி சோபாவில் உட்கார்ந்து தாடையில் கை வைத்துக்கொண்டார். அந்த சோபாவில் தாடையில் கை வைத்து உட்கார்ந்தவர்களை டாக்டர் இருபது வருடமாக ஒரே கண்ணோடுதான் பார்த்திருக்கிறார். போகிற போக்கில் அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஆ காட்டுங்க."

அந்தப் பெண் பிரமித்துப் போய் வாயைத் திறந்தார்.

"வலது கடைவாய், கீழ. சொத்தை ஆரம்பிச்சிருக்கு. இன்னிக்கு லீவு, இங்கயே உட்காருங்க, முடிஞ்சா பார்க்கறேன்." டாக்டர் திரும்பிவிட்டார். வந்தவர் நாக்கால் கடைவாயைத் தடவியபடி உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை அதற்குமேல் கவனிக்கவில்லை. உலகம் எரிந்துகொண்டிருந்தது.

"தூதர் சார், கோட்டைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க" என்றார் அத்தை.

"எதற்கு?"

"மாப்பிள்ளை, நீங்க பேராசிரியர் சாரோட முழங்கையைப் பாருங்க."

மாப்பிள்ளை பார்த்தார். சிரித்தார். தூதரின் இடது முழங்கையில் பச்சைப் பெயிண்ட். பேராசிரியரின் வலது முழங்கையில் அதே பச்சைப் பெயிண்ட்.

காண்ட்ராக்டர் பதறினார். "யோவ்! பால்கனி கம்பிக்கு காலையிலதானே அடிச்சேன்! போர்டு வெச்சிருக்கேனே!"

"ரெண்டு பேரும் பால்கனியில பக்கத்துல பக்கத்துல சாய்ஞ்சு நின்னு பேசியிருக்கீங்க" என்றார் அத்தை.

"எனக்கு இவரைத் தெரியவே தெரியாது" என்றார் தூதர்.

"பச்சை என்பது தற்செயல்" என்றார் பேராசிரியர்.

"ஒரு பக்கம் தூதர், அவரோட இடது முழங்கைக்குப் பக்கத்துல உங்க வலது முழங்கை. தோளோட தோள். இதுக்கு என்ன கோட்பாடு சார்?" என்றார் மாப்பிள்ளை.

"இவங்க ரெண்டு பேரும் எடுக்கல" என்றார் அத்தை. "ஒருத்தர் மேல ஒருத்தருக்கு அவ்வளவு நம்பிக்கை. மணி அடிக்கற வரைக்கும் கண்ணை எடுத்திருக்க மாட்டாங்க."

இரண்டு பேரும் இதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு லேசாகத் தலை குனிந்தார்கள்.

மிச்சம் காண்ட்ராக்டர். எக்ஸ்ரே அறையில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். அவரோ வாயைத் திறக்க மாட்டேன் என்று, ஒரு பல் மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு, அடம்பிடித்தார். "டாக்டர் சொல்லிட்டாங்க, சரி. நான் மறுத்துக்கிட்டே இருந்தா பாதிப் பேராவது நம்புவாங்க இல்ல?"

அத்தை பலகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கால்வாயின் வாசலில் ஒரு சின்னத் தீவு, யாருடைய நிறமும் பூசாமல் வெறுமையாக இருந்தது.

"இது யாரோடது?"

"யாருக்கும் இல்ல" என்றார் வரைபடக்காரி. "அழகுக்குப் போட்டேன். ஒரு துறைமுகம் மட்டும் இருக்கு."

"நான் எடுத்துக்கலாமா?"

"விதியில இல்லைன்னு சொல்ல முடியாது…"

அத்தை தன் கைப்பையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்துத் தீவின் மேல் வைத்தார். நாற்காலியை இழுத்து மேஜையில் உட்கார்ந்தார். அந்தக் கணத்திலிருந்து உலகத்தில் ஐந்து நாடுகள்.

"என் துறைமுகத்துல யாரோட கப்பல் நிக்குதோ அவங்கதான் கால்வாய்க்கு எஜமானர். சரிதானே?" என்றார் அத்தை. "நான் எண்ணெய் கேட்கல, படை கேட்கல. எனக்கு வேண்டியது தகவல். யார் நல்ல தகவல் குடுக்கறாங்களோ அவங்களுக்குத் துறைமுகம்."

தூதர் நாற்காலியோடு அத்தை பக்கம் நகர்ந்தார். "மேன்மைதங்கிய தீவின் அதிபர் அவர்களே…"

"தள்ளுய்யா!" என்றார் காண்ட்ராக்டர். "அம்மா, நான் உங்க துறைமுகத்துக்கு ரோடு போட்டுத் தரேன். லைட் போட்டுத் தரேன்."

"தீவுல ரோடு எங்க போகும்?" என்றார் பேராசிரியர். "அம்மா, அணிசேரா நாடுகளின் சார்பில் உங்களுக்கு ஒரு கௌரவத் தலைமைப் பதவி…"

"அதை வெச்சு என்ன பண்றது, நெத்தியில ஒட்டிக்கறதா? எங்க அத்தைக்கு ஏற்கனவே நான் இருக்கேன், வெட்டிப் பதவி வேற எதுக்கு?" மாப்பிள்ளை இதற்குள் தீவின் வெளியுறவு அமைச்சராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டிருந்தார்.

சோபாவில் இருந்த பெண் எப்போது எழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. காண்ட்ராக்டரின் தோளுக்குப் பின்னால் நின்று அவர் காதில் சொன்னார்: "ரோடு எல்லாம் வேண்டாங்க. அவங்க தகவல்தானே கேட்கறாங்க. முந்திக்கிட்டு சொல்லுங்க. தூதர் சொல்றதுக்கு முன்னாடி."

"பல்லு வலிக்கிற அம்மா சொல்றதும் சரிதான்" என்று காண்ட்ராக்டர் மேஜையைத் தட்டினார். "சொல்றேன்! எக்ஸ்ரே ரூம்ல நான் இருந்தேன். டாக்டரும் வந்தாங்க. நான் பெரிய பேரத்துக்குத் தயாரா நின்னேன். கால்வாயில முக்கால் பங்கு எனக்குன்னு ஆரம்பிச்சேன். பாதிக்கு இறங்கறதாத்தான் திட்டம். ஆனா அவங்க 'சரி'ன்னுட்டாங்க."

"முக்கால் பங்குக்கா?"

"முக்காலுக்கு! அப்புறம் அவங்க ரெண்டு எண்ணெய்க் கிணறையும் கேட்டேன், சும்மா கேட்டுப் பார்ப்போமேன்னு. அதுக்கும் 'சரி, வெச்சுக்குங்க'. ரெண்டே வார்த்தை. மீனுக்குத் தீனி போடணும்னு போயிட்டாங்க. எனக்கு பயமாயிடுச்சும்மா. முப்பது வருஷமா தொழில் பண்றேன், பேரம் பேசாம தலையாட்டறவங்ககிட்ட அட்வான்ஸ்கூட வாங்க மாட்டேன்."

"துறைமுகம் உங்களுக்கு" என்றார் அத்தை.

காண்ட்ராக்டர் எழுந்து ஆடினார். தூதர் சதி என்றார். பேராசிரியர் தூதரின் கையை உதறிவிட்டுக் காண்ட்ராக்டரின் கையைக் குலுக்கினார். பல்லு வலிக்கிற அம்மா தூதரைத் தனியாக இழுத்துப் போய் சமையல் மேடைப் பக்கம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தூதர், அவர் விசாவுக்கு வந்தவர் அல்ல என்று உறுதிசெய்துகொண்டு, கவனமாகக் கேட்டார். அந்த மாடியில் அதுவரை இல்லாத கூச்சல்.

அத்தை மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொல்லி அலமாரிப் பக்கம் அனுப்பிவிட்டு டாக்டரைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் எக்ஸ்ரே ரூமுக்கு வரீங்களா?"

கதவைச் சாத்தியதும் அத்தை குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க பேசினதுதான் எனக்கு உறுத்துச்சு டாக்டர். மத்தவங்க மூணு பேரும் உயிரே போனாலும் வாயைத் திறக்கல. ஏன்? ஆட்டம் தொடரும்னு நம்பினாங்க. தொடர்ந்தா அந்த ரகசியத்துக்கு விலை உண்டு. நீங்க முக்கால் கால்வாயையும் ரெண்டு கிணறையும் தூக்கிக் குடுத்துட்டீங்க. அப்புறம் ரகசியத்தையும் எல்லார் முன்னாடியும் கொட்டிட்டீங்க. இந்த ஆட்டம் இனிமே நடக்காதுன்னு தெரிஞ்ச ஆளாலதான் இவ்வளவு தாராளமா இருக்க முடியும். மணி அடிக்கறதுக்கு முன்னாடியே அது தெரிஞ்ச ஆள், பெட்டியை எடுக்கப் போற ஆள்தான்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியே அலமாரிப் பக்கமிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "அத்தை, நீங்க சொன்ன மாதிரி தாடைப் பெட்டியை எல்லாம் திறந்து பார்க்கறேன். யாரோ ஒருத்தர் என்னைப் பார்த்துச் சிரிக்கறார். இன்னொருத்தரும் சிரிக்கறார். என்னால முடியல… ஆங்! இதுல பல்லு இல்ல. ராணுவப் புரட்சி இருக்கு!"

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எதுக்கு டாக்டர்? தங்கச்சி நல்லா வர்றது பிடிக்கலையா?"

"நல்லா வரணும்னுதாங்க எடுத்தேன்" என்றார் டாக்டர். "மூணு வருஷம் ராத்திரி பகலா உட்கார்ந்து அந்தச் சீட்டை வரைஞ்சா. ஒவ்வொண்ணும் கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா ஆட்டத்துல? நாங்க நாலு பேரா கூடிப் பேசி, ஏமாத்தி, கத்திக்கிட்டிருக்கிற வரைக்கும் பிரமாதமா போகும். நடுவுல ஒரு சீட்டை எடுத்து வாசிப்பா. அவ்வளவுதான். தூதர் எழுந்து 'என் அனுபவத்தில்'னு ஆரம்பிப்பார். பேராசிரியர் அதுக்கு மறுப்பு சொல்வார். போன வாரம் மூணாவது சீட்டுல நான் உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன். மயக்க மருந்து எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அவகிட்டயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்லிப் பாருங்களேன்! முன்னூறு பேர் பல்லை இந்தக் கையால பிடுங்கியிருக்கேன். இதைச் சொல்ல வாய் வரல. அந்தம்மா வர்ற நேரம், சீட்டு இல்லாம புதுசா ஒரு ஆட்டம் ஆரம்பிப்போம், ஒரே ஒரு தடவை எப்படிப் போகுதுன்னு அவளே பார்க்கட்டும்னு நினைச்சேன். இவ என்னடான்னா ஓடிப்போய் துப்பறியற ஆளைக் கூட்டிட்டு வந்துட்டா."

கதவு திறந்தே இருந்தது. சாத்தியபோது தாழ்ப்பாள் விழவில்லை. வாசலில் வரைபடக்காரி நின்றுகொண்டிருந்தார். கையில் மாப்பிள்ளை கொடுத்த மரப்பெட்டி. பின்னால் மாப்பிள்ளை.

"மூணாவது சீட்டுலயா?" என்றார் வரைபடக்காரி.

"ரெண்டாவதுலயே கண்ணைச் சொருகிடுச்சு" என்றார் டாக்டர். இனி மறைத்து என்ன பயன்?

வரைபடக்காரி பெட்டியைத் திறந்து மேல் சீட்டைப் பார்த்தார். கால்வாயில் மாட்டிய கப்பல். ஒவ்வொரு சன்னலுக்கும் தனித்தனியாகத் திரை போட்டிருந்தார். அதை வரைய ஒரு வாரம் ஆகியிருந்தது. அக்காவைப் பார்த்து ஏதோ கடுமையாகச் சொல்லப் போனவர், நின்றார். கூடத்திலிருந்து காண்ட்ராக்டரின் அலறல் கேட்டது.

"என் துறைமுகத்தை வாடகைக்கு விட்டா உனக்கென்னய்யா!"

"உள்வாடகை ஒப்பந்தத்தில் இல்லை!" இது தூதர்.

"நான் இரு தரப்பையும் கண்டிக்கிறேன்! ஆனால் வாடகையில் எனக்குப் பங்கு உண்டு!" இது பேராசிரியர்.

"என்ன பண்றாங்க?" என்றார் வரைபடக்காரி மெதுவாக.

"விளையாடறாங்க" என்றார் அத்தை. "நீங்க பெட்டியைத் தேடச் சொன்னீங்க. தேடிக் குடுத்தாச்சு. அதை வெச்சு என்ன பண்றதுங்கறது உங்க இஷ்டம். என் வேலை முடிஞ்சுது."

வரைபடக்காரி வாசலில் நின்றபடியே திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பேராசிரியர் தரையில் மண்டியிட்டுக் கடலை அளந்துகொண்டிருந்தார். தூதர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்றாம் நம்பர் கவுண்டரில்கூடக் காட்டாத உற்சாகத்தோடு கத்திக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்த ஆட்டம். அவர் உண்டாக்கியதுதான். ஆனால் இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

பெட்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். மற்ற மூன்று பேரும் பின்னால் போனார்கள்.

பல்லு வலிக்கிற அம்மா பலகையின் மேல் குனிந்திருந்தார். கால்வாய் இப்போது அவர் கையில் இருந்தது. எந்த நாடும் இல்லாமலே அதை எப்படி வாங்கினார் என்பது மற்ற மூவருக்கும் இன்னும் விளங்கவில்லை.

"ஏங்க, இன்னிக்கு உங்களுக்குப் பார்க்க முடியாது போலிருக்கே" என்றார் டாக்டர். "நாளைக்கு வரீங்களா?"

"நாளைக்கு வந்து பல்லைக் காட்டறேன் டாக்டர். இன்னிக்கு வந்தது ஆட்டத்தைப் பார்க்க." அவர் நிமிர்ந்து வரைபடக்காரியைப் பார்த்தார். "இந்தத் தெருவைத் தேடி நாலு தடவை சுத்தினேன். போன்ல வழி சொன்னது நீங்கதானே? விளையாட்டுக் கம்பெனியிலிருந்து வரேன்."

டாக்டர் தன் விரல்களைப் பார்த்தார். அதே விரல்கள்தான் தங்கையின் எதிர்காலத்தை வாயைத் திறக்கச் சொல்லிக் கடைவாய் வரை எட்டிப் பார்த்தவை.

"உள்ளே வந்தவுடனே சொல்லியிருக்கலாமே!" என்றார் தூதர்.

"வாயில விரல் இருந்துச்சு சார். அப்புறம் கால்வாய் இருந்துச்சு." அவர் மறுபடி வரைபடக்காரியிடம் திரும்பினார். "ஒரே ஒரு கேள்வி. இந்த மாதிரி ஆட்டத்துல வழக்கமா ஒரு கட்டு சீட்டு வெச்சு உயிரை எடுப்பாங்க. ஒண்ணை எடு, வாசி, எல்லாரும் சும்மா உட்காருங்கம்பாங்க. அதுக்காகவே போன மாசம் ரெண்டு ஆட்டத்தைத் திருப்பி அனுப்பினேன். உங்க ஆட்டத்துல அப்படி ஏதாவது இருக்கா?"

நான்கு வல்லரசுகளும் ஒரு தீவும் வரைபடக்காரியைப் பார்த்தன. அந்த மாடியில் எல்லோரும் பொய் சொல்வார்கள், அவரைத் தவிர. ஆட்ட நடுவர் அவர். ஒரு காய் அரை விரல் தள்ளி இருந்தாலும் சொல்லிவிடுவார். முதுகுக்குப் பின்னால் பெட்டியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. மூன்று வருடத்து ஓவியம் உள்ளே இருந்தது.

"சீட்டா?" என்றார். "எங்க ஆட்டத்துல அதெல்லாம் கிடையாதுங்க."

சொல்லிக்கொண்டே பெட்டியைப் பின்னால் நீட்டினார். மாப்பிள்ளை வாங்கித் தன் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். ஒரே நொடியில் ஐந்து மாதக் கர்ப்பம்.

கம்பெனிப் பெண் அந்த வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வரைபடக்காரியை. முகத்தில் சிரிப்பு பரவியது.

"அப்பாடா. போன்ல பேசினப்போ, 'ஆட்டம் கொஞ்சம் நீளங்க, சில பேருக்குப் பிடிக்காதுங்க'ன்னு குறையை எல்லாம் நீங்களே அடுக்கினீங்க. இவ்வளவு நல்லவங்க இப்படி ஒரு ஆட்டத்தை எப்படிப் போட்டிருப்பாங்கன்னு வழியெல்லாம் கவலைப்பட்டுக்கிட்டே வந்தேன். பரவாயில்ல, உங்களுக்கும் பொய் வருது." பையிலிருந்து ஒப்பந்தத்தையும் பேனாவையும் எடுத்துக் கால்வாயின் மேல் வைத்தார். "இங்க ஒரு கையெழுத்து. எங்க கம்பெனி எடுத்துக்குது."

காண்ட்ராக்டர் விசிலடித்தார். பேராசிரியர் இதை மட்டும் தான் எதிர்பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். வரைபடக்காரி பேனாவை எடுத்தார். முனையைக் காகிதத்தின் அருகே கொண்டுபோனார். நிறுத்தினார். நெற்றி சுருங்கியது. அந்த நெற்றியை எல்லோருக்கும் தெரியும். அரை விரல் தள்ளியிருக்கும் காயைக் கண்டுபிடிக்கும்போது சுருங்கும் நெற்றி.

"மேடம், உண்மையைச் சொல்லணும்னா…"

பல் டாக்டர் ஒரே தாவலில் தங்கையின் பக்கத்தில் போய் நின்றார். தன் தொழில் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லியிராத ஒன்றை அன்று முதல் முறையாகச் சொன்னார்:

"வாயை மூடு!"

வரைபடக்காரி மூடிக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.